சுழலும் நிலையத்தில் ஆற்றிய டீ நேராக விழுமா?

வட்டப்பாதை:
போன வாரம் இங்கே வந்த விண்வெளி டீக்கடைக் கதைக்கு மதிப்புரை எழுதிய கரிசல்மேகம், "அறிவியல் புனைகதையில் கணக்குப் பார்ப்பவன் கற்பனை வறண்டவன்" என்று முடித்திருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. கதையில் 100 மீட்டர் ஆரமுள்ள சக்கர நிலையம். விளிம்பின் உட்புறம்தான் தரை, நிலையம் சுழல்வதால் அங்கே பூமியில் இருக்கும் அதே எடை. மாஸ்டர் கையை உயர்த்தி ஒரு மீட்டருக்கு டீ ஆற்றுகிறார், அது "நூல் பிடித்த மாதிரி நேராக" கீழ் டம்ளரில் இறங்குகிறதாம். இறங்காது. அந்த எடை வர நிலையம் நிமிடத்துக்கு 3 முறை சுற்ற வேண்டும். மேல் டம்ளர் மையத்துக்குக் கொஞ்சம் கிட்டே இருப்பதால் அதன் வேகம் கீழ் டம்ளரைவிடக் குறைவு. அதைவிட்டுப் பிரிந்த டீ அந்தக் குறைந்த வேகத்தோடுதான் போகும், கீழ் டம்ளர் முந்திவிடும். ஒரு மீட்டருக்கு 9 செ.மீ. சொச்சம் பின்தங்கும். டம்ளர் வாயே 7 செ.மீ. தான். டீ தரையில்.

கரிசல்மேகம்:
பூமியில் மட்டும் நேராகவா விழுகிறது? டம்ளர் விளிம்பைத் தாண்டும்போதே டீ முன்னால் தள்ளி, வளைந்துதான் இறங்கும். மாஸ்டர் கீழ் டம்ளரை அதற்குத் தோதாக நகர்த்திப் பிடிக்கிறார். கதையில் அவர் ஆறு வருஷம் அங்கேயே கடை போட்டவர். உங்கள் 9 செ.மீ.யும் அவர் கைக்குப் பழகியிருக்கும்.

வட்டப்பாதை:
கை பழகும் என்பதை யார் மறுத்தது? பழகிய கை எழுத்தில் எங்கே? "நேராக" என்றல்லவா எழுதியிருக்கிறது! தாரை எப்படி வளையும் என்று பாருங்கள். கால் மீட்டர் உயரத்தில் 1 செ.மீ.தான், கண்ணுக்கே தெரியாது. அரை மீட்டரில் 3 செ.மீ. ஒரு மீட்டரில் 9. உயரம் இரண்டு மடங்கானால் விலகல் மூன்று மடங்குக்குக் கிட்டே. கையை உயர்த்த உயர்த்தத் தாரை வில்லாக விலகும். மாஸ்டர் சுழலும் திசையைப் பார்த்து நின்றால் டீ அவர் வயிற்றுப் பக்கம் வரும். எதிர்த்திசை பார்த்தால் வாடிக்கையாளர் பக்கம் போகும். அப்படியானால் கடையை எந்தத் திசை பார்த்துப் போடுவது? இந்தக் கேள்வி எழுதியவருக்குத் தோன்றவில்லை, மதிப்புரை எழுதியவருக்கும் தோன்றவில்லை. வறட்சி யாரிடம்?

நெம்புகோல்:
இதற்கா இவ்வளவு சண்டை? ஆரத்தை மாற்றினால் தீர்ந்தது. நான்கு மடங்காக்கினால் விலகல் பாதி. ஒரு கிலோமீட்டர் ஆரத்தில் 3 செ.மீ., டம்ளருக்குள்ளேயே விழும். 1975-இல் ஸ்டான்ஃபோர்டில் வரைந்த வளைய நகரம் 1.8 கி.மீ. விட்டம், நிமிடத்துக்கு ஒரு சுற்று, 10,000 பேருக்கு. ஒரு எண்ணைத் திருத்தினால் போதும்.

வட்டப்பாதை:
போதாது நெம்புகோல். 100 மீட்டர் ஆரத்துக்குச் சுற்றளவு 628 மீட்டர். ஒரே தெரு. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், கதையே அதில்தான் நிற்கிறது. ஒரு கிலோமீட்டர் ஆரம் என்றால் 6 கி.மீ.க்கு மேல் தெரு, அது ஊர். அந்த 628 மீட்டர் தெருவில் இன்னொன்றையும் கதை கோட்டைவிட்டிருக்கிறது. விளிம்பின் வேகம் விநாடிக்கு 31 மீட்டர். அதில் ஒருவர் விநாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் சுழலும் திசையிலேயே நடந்தால் எடை ஏறக்குறைய 10 சதவீதம் கூடும், எதிர்த்திசையில் நடந்தால் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். 60 கிலோ ஆள் ஒரு பக்கம் 66, மறுபக்கம் 54. முழங்கால் வலி உள்ள கிழவி கடைக்கு வரும்போது எந்தப் பக்கமாகச் சுற்றி வருவாள்? அதை எழுதியிருந்தால் கதை எங்கேயோ போயிருக்கும்.

தேன்சிட்டு:
எனக்கு வேறு சந்தேகம். நிலையத்தில் காற்றழுத்தம் எவ்வளவு என்று கதையில் இல்லை. 1970-களின் அமெரிக்க விண்வெளி நிலையமான ஸ்கைலேப் மாதிரி பூமியின் மூன்றில் ஒரு பங்கு அழுத்தம் வைத்திருந்தால் தண்ணீர் 72 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதில் தேயிலை எங்கே இறங்கும்? சாயம்கூட ஒழுங்காகப் பிடிக்காது.

நெம்புகோல்:
சர்வதேச விண்வெளி நிலையத்தில் தரைமட்ட அழுத்தம்தான் தங்கச்சி. எல்லாரும் ஸ்கைலேப் காலத்திலேயே நிற்க வேண்டாம்.

தேன்சிட்டு:
அதைக் கதையில் சொல்லியிருந்தால் நான் ஏன் கேட்கிறேன்? குறைந்த அழுத்தம் என்றால் சுவர் மெலிதாகப் போதும், செலவு மிச்சம். ஏழைகளின் நிலையத்தில் எதை வைப்பார்கள்? தங்கச்சி என்று கூப்பிட்டால் கேள்வி போய்விடாது அண்ணே.

கரிசல்மேகம்:
இதைத்தான் மதிப்புரையில் சொன்னேன். அந்த மாஸ்டர் மகனை இழந்தவர். அந்தப் பத்தியைப் பற்றி இங்கே ஒருத்தராவது பேசினீர்களா? வட்டப்பாதைக்கு உண்மையான கோபம் வேறு. அவருடைய செவ்வாய்க் கதையில் பக்கத்துக்குப் பக்கம் எண்கள், மனிதர் ஒருவர்கூட இல்லை என்று எழுதினேன். அது இன்னும் உள்ளே கிடக்கிறது.

வட்டப்பாதை:
என் கதையை இழுக்காதீர்கள். அதில் பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே ஒரு "நல்லாயிருக்கியா" போய்ச் சேர 3 முதல் 22 நிமிடம் ஆகிறது. அந்தக் காத்திருப்பில்தான் மனிதர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு அது எண்ணாக மட்டும் தெரிந்தது. சரி, டீக்கு வாருங்கள். மகனை இழந்தவர் என்கிறீர்கள். அவன் பூமியிலிருந்து வந்த முதல் வாரம் அப்பாவுக்காக டீ ஆற்றி, எல்லாவற்றையும் தரையில் கொட்டியிருப்பான். 9 செ.மீ. தெரிந்திருந்தால் அந்தக் காட்சி தானாக வந்திருக்கும்.

நெம்புகோல்:
நிமிடத்துக்கு 3 சுற்றில் முதல் வாரம் அவன் டீயா ஆற்றுவான்? தலையைத் திருப்பினாலே குமட்டும். பென்சகோலாவில் அமெரிக்கக் கடற்படை சுழலும் அறையில் ஆட்களை வைத்துப் பார்த்தது. ஒரு சுற்றில் யாருக்கும் தொந்தரவு இல்லை, 3 சுற்றில் குமட்டினாலும் வேலை பார்த்தார்கள், 10-இல் பெரும்பாடு. அதனால்தான் ஆரத்தைக் கூட்டு என்கிறேன். 225 மீட்டர் வைத்தால் 2 சுற்றுக்கு வந்துவிடும்.

வட்டப்பாதை:
3 சுற்றில் வேலை பார்த்தார்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள். 1952-இல் ராக்கெட் பொறியாளர் ஃபான் பிரவுன் திட்டம் போட்ட 76 மீட்டர் விட்டச் சக்கர நிலையமும் 3 சுற்றுதான். அவர் மூன்றில் ஒரு பங்கு எடையோடு நிறுத்திக்கொண்டார்.

தேன்சிட்டு:
அழுத்தம் பற்றி இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

கரிசல்மேகம்:
மையவிலக்கு விசையே பொய் விசை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிறார்கள். பொய் விசையில் விழும் டீக்கு இத்தனை செ.மீ. கணக்கு! என் மதிப்புரையில் ஒரு எழுத்தையும் மாற்றமாட்டேன்.

வட்டப்பாதை:
பொய் விசை என்றுதானே நானும் சொல்கிறேன்! மேல் டம்ளரை விட்ட பிறகு டீயை எதுவும் இழுப்பதில்லை, அது நேர்கோட்டில் போகிறது. சுற்றுவது கடையும் மாஸ்டரும் டம்ளரும். கடைக்குள் நின்று பார்ப்பவனுக்குத்தான் தாரை வளையும், 9 செ.மீ.யும் அவனுக்குத்தான். கதை கடைக்குள்தான் நடக்கிறது. உள்ளே நிற்கும் மாஸ்டரின் கண்ணுக்கு அது நேராகத் தெரிந்தது என்று எந்தக் கணக்கில் எழுதினார்?