அமெரிக்க ராக் கலைஞர் ஜாஷ் கிளிங்ஹாஃபரை மேடையில் பார்த்தவர்கள் உண்டா?

ஃப்ரீமான்ட்வாசி:

2022 மே 12, ஓக்லண்ட் அரீனாவில் பேர்ல் ஜாம் என்ற ராக் பேண்டின் கச்சேரி. ஆபீசிலிருந்து நேராகப் போய்விட்டதால் சீக்கிரமே உள்ளே உட்கார்ந்துவிட்டேன். பாதி நாற்காலிகள் காலி. மேடையில் ஒல்லியாக ஒருவர் ப்ளூரலோன் என்ற பெயரில் தன் சொந்தப் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்தார். என் வரிசையில் இருந்தவர்கள் பியர் வாங்க எழுந்து போனார்கள். நானும் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தேன், மறைப்பதற்கென்ன.

அப்புறம் பேர்ல் ஜாம் வந்தது. டிரம்மர் மாட் கேமரனுக்குக் கோவிட், 24 வருஷத்தில் அவர் வராத முதல் கச்சேரி இது என்று பாடகர் எடி வெடர் சொன்னார். சரி, வாசிப்பது யார் என்று பார்த்தால், சற்று முன் காலி நாற்காலிகளுக்குப் பாடிய அதே மனிதர்! ரிச்சர்ட் ஸ்டுவெராட் என்ற இன்னொரு டிரம்மரும் அவரும் பாட்டுகளைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். மறுநாள் இரவு மில் வேலியைச் சேர்ந்த 18 வயதுப் பள்ளிப் பையன் ஒருவனை ஒரு பாட்டுக்கு டிரம்ஸில் உட்காரவைத்தார்கள். செய்திகளில் அவன்தான் நாயகன். கதை அப்படி, குறை சொல்ல முடியாது. எனக்கென்னவோ முதல் நாள் பார்த்ததுதான் மனதில் நிற்கிறது.

வீட்டுக்கு வந்து தேடியபோதுதான் அந்த மனிதர் ஜாஷ் கிளிங்ஹாஃபர், அவர் யார் என்று உறைத்தது. 1979-ல் சான்டா மோனிகாவில் பிறந்தவர். சிறுவயதில் முதலில் பிடித்ததே டிரம்ஸ்தான். பதினைந்து வயதில் படிப்பை விட்டிருக்கிறார். பதினேழு, பதினெட்டு வயதில் பாடகர் பாப் ஃபாரஸ்ட்டோடு சேர்ந்து பைசைக்கிள் தீஃப் என்ற சின்ன இண்டி பேண்ட். ஃபாரஸ்ட்டுக்கு அப்போது இவரைப் போல இரண்டு மடங்கு வயது. 1999-ல் ஒரு ஆல்பம் வந்தது. பெரிதாக விற்கவில்லை. ஆனால் அந்த பேண்டுக்கு ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் என்ற பெரிய ராக் பேண்டின் டூரில் முன்னால் வாசிக்கும் வாய்ப்பு கிடைத்தது. அந்தச் சகவாசத்தில்தான் பெப்பர்ஸின் கிட்டாரிஸ்ட் ஜான் ஃப்ருஷியான்டே நண்பரானார். 2004-ல் இருவர் பெயரும் போட்டே ஒரு ஆல்பம் வந்தது.

அதன்பிறகு கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போயிருக்கிறார். பாடகி பிஜே ஹார்வியின் டூர், நார்ல்ஸ் பார்க்லி என்ற இரட்டையரின் டூர் என்று. கிட்டார், கீபோர்டு, டிரம்ஸ், பின்பாட்டு, எது குறைகிறதோ அது. 2007-ல் பெப்பர்ஸ் டூரிலேயே ஓரமாக நின்று ஃப்ருஷியான்டேவுக்குத் துணைக் கிட்டார். ஃப்ருஷியான்டே விலகியதும் இவரே அந்த இடத்துக்கு வந்து பத்து வருஷம் இருந்தார். அப்படிப்பட்டவர் பாடும்போதுதான் நான் போனை நோண்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வேறு யாராவது இவரை நேரில் பார்த்திருக்கிறீர்களா?


சிராங்கூன்_ராத்திரி:

பார்த்திருக்கிறேன், ஆனால் உங்கள் அளவுக்கு உருகவில்லை. 2019 செப்டம்பர், சிங்கப்பூர் கிராண்ட் பிரிக்ஸ். கார் பந்தயம் முடிந்ததும் பாடாங் திடலில் பெப்பர்ஸ். கம்பெனி டிக்கெட் என்பதால் போனேன். செப்டம்பர் புழுக்கம், சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. எனக்கு முன்னால் நின்ற ஆஸ்திரேலியர் ஒருவர் பாட்டுக்குப் பாட்டு ‘ஜான் எங்கே?’ என்று கத்திக்கொண்டே இருந்தார். ஜான் போய்ப் பத்து வருஷம் ஆகிவிட்டது ஐயா என்று சொல்லத் தோன்றியது.

உண்மையைச் சொன்னால் பழைய ஹிட் பாட்டுகளில் கிட்டார் கொஞ்சம் அடங்கியே ஒலித்தது. ஃப்ருஷியான்டேயின் ஒவ்வொரு சுரமும் ரசிகர்களுக்கு மனப்பாடம். அதை அப்படியே வாசித்தால் நகல் என்பார்கள், மாற்றினால் கெடுத்துவிட்டான் என்பார்கள். அவர் மாற்றினார். எனக்குப் பாதி பிடித்தது, பாதி பிடிக்கவில்லை. ஆனால் 2016-ல் வந்த ‘தி கெட்அவே’ ஆல்பத்தை வீட்டில் ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். கிட்டார் எங்கே என்று தேடவேண்டியிருக்கும், எடுத்துவிட்டால் பாட்டே சரிந்துவிடும். மைதானத்துக்கு அது சரிப்படவில்லை, அவ்வளவுதான்.

மூன்று மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 15-ம் தேதி பேண்ட் இன்ஸ்டாகிராமில் ஒரு பதிவு போட்டது: ஜாஷோடு பிரிகிறோம், ஜான் திரும்ப வருகிறார். அந்த ஆஸ்திரேலியர்தான் ஞாபகத்துக்கு வந்தார். கேட்டது கிடைத்துவிட்டது அவருக்கு.

பிறகு ஒரு பேட்டியில் ஜாஷ், அது ஜானின் இடம்தான், அவர் திரும்பியதில் மகிழ்ச்சி என்கிற மாதிரி பேசியிருந்தார். எனக்கு அது வயிற்றைப் பிசைந்தது. 2012-ல் இதே பேண்டோடு ராக் கலைஞர்களுக்கான பெரிய கௌரவமான ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டவர். 32 வயது, அதுவரை சேர்க்கப்பட்டவர்களிலேயே இளையவர். அந்த விழாவுக்கு ஜான் வரவே இல்லை.


பாஸ்காரன்:

நான் சென்னையில் பாஸ் கிட்டார் வாசிப்பவன். இவரை நேரில் பார்த்ததில்லை, ஆனால் இந்தத் தொழில் தெரியும். கொஞ்சம் நீட்டிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேண்டில் ஒருவராக இருப்பதும் டூருக்கு வாசிக்கப் போவதும் வேறு வேறு. பேண்டில் இருப்பவருக்குப் பாட்டில் பங்கு உண்டு, ராயல்டி உண்டு, ‘இந்தப் பாட்டு வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை உண்டு. டூருக்குப் போகிறவருக்குச் சம்பளம், பேட்டா, ஹோட்டல் அறை. டூர் முடிந்தால் கணக்கும் முடிந்தது. இவர் பக்கவாத்தியமாக ஆரம்பித்து, பெப்பர்ஸில் நடுமேடைக்கு வந்து, மறுபடி பேர்ல் ஜாம் டூரில் பக்கவாத்தியத்துக்குப் போயிருக்கிறார். எங்கள் ஆட்களில் நடுமேடை பார்த்த ஒருவர் திரும்ப ஓரத்தில் நிற்க ஒப்புக்கொள்வது அபூர்வம். கௌரவம் விடாது.

இன்னொன்று. பேர்ல் ஜாம் ஒவ்வொரு இரவும் பாட்டுப் பட்டியலை மாற்றுகிற பேண்ட். நாங்கள் சினிமாப் பாட்டு ட்ரூப்பில் பதினோரு ஊருக்குப் போனால், அதே 22 பாட்டுதான். மூன்றாவது ஊரில் கை தானாக வாசிக்கும், மனசு சாப்பாட்டைப் பற்றி யோசிக்கும். அங்கே அது நடக்காது. முப்பது வருஷப் பாட்டுகள், எது வருமென்று அன்று சாயங்காலம்தான் தெரியும், அதுவும் மேடையில் மாறலாம். அதில் பாதிக்கு உங்கள் வேலை கிட்டார், சிலதுக்குக் கீபோர்டு, சிலதுக்கு வெறும் ஷேக்கரும் பின்பாட்டும். அப்போது ஒருநாள் டிரம்மருக்குக் காய்ச்சல் என்கிறார்கள்.

எனக்கும் சின்ன அளவில் நடந்தது. 2017-ல் வளைகுடாவில் ஒரு ஷோ. கீபோர்டுக்காரருக்கு விசா வரவில்லை என்று ஏர்போர்ட்டில் வைத்துத்தான் சொன்னார்கள். நான் சின்ன வயதில் ஆர்மோனியம் கற்றவன் என்பது யாருக்கோ தெரிந்திருந்தது, தொலைந்தேன். இடது கையில் பாஸ், வலது கையில் ஸ்ட்ரிங்ஸ். இரண்டரை மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. முடிந்ததும் பாடகர் மைக்கில் எல்லார் பெயரையும் வாசித்தார், என் பெயருக்கு முன் ‘பாஸ் கிட்டார்’ என்று. கீபோர்டுக்கு யார் பெயரும் இல்லை. ஆர்கனைசர் பேட்டாவில் பாதியைக் கொடுத்துவிட்டு மீதியைச் சென்னையில் தருவதாகச் சொன்னார்.

அப்புறம், 2014 சூப்பர் பவுல் (அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டி) இடைவேளை வீடியோவைப் பாருங்கள். பெப்பர்ஸ் குதித்துக் குதித்து வாசிக்கிறார்கள், கிட்டாரில் வயரே செருகியிருக்காது! பாட்டு மட்டும் நேரடி, இசை முன்பே பதிவு செய்தது என்று அவர்களுடைய பாஸ் கிட்டாரிஸ்ட் ஃப்ளீ பிறகு வெளிப்படையாக எழுதினார். டிவி ஷோவில் ட்ராக்குக்குக் கை ஆட்டிய அத்தனை பேரும் அன்று நிம்மதியாகத் தூங்கியிருப்போம்.


ஸ்கார்பரோ_அண்ணை:

டொராண்டோவில் கண்டனான். பேர்ல் ஜாம் 2020 மார்ச் 18 இங்கதான் டூர் தொடங்குறதா இருந்தது. டிக்கெட் எடுத்து வைச்சிருந்தன், கொரோனா வந்திட்டுது. கடைசியா 2022 செப்டம்பர் 8 நடந்தது. இரண்டரை வருசம் டிக்கெட்டைப் பொத்திப் பொத்தி வைச்சிருந்தன் எண்டு மனிசி இப்பவும் பகிடி பண்ணுவா.

நான் இருந்த பக்கத்திலயிருந்து பார்க்க, இவர் பின்னுக்குத்தான் நிண்டவர். முன்னுக்கு மைக் மெக்ரெடி கிட்டாரைத் தலைக்குப் பின்னால வைச்சு வாசிச்சுக்கொண்டிருக்க, சனம் முழுக்க அந்தப் பக்கம். நான் இவரைத்தான் பார்த்தன். கண்ணை மூடிக்கொண்டு பின்பாட்டு. வாய் மைக்கில, கை கிட்டாரில, கால் கீழ பெடலில. ஒருத்தரும் தன்னைப் பார்க்கேல்லை எண்ட கவலை அந்த முகத்தில எனக்குத் தெரியேல்லை. தூரத்திலயிருந்து பார்த்த ஆள் சொல்லுறன், பிழையா இருந்தா மன்னியுங்கோ.


ஃப்ரீமான்ட்வாசி:

அண்ணை, அந்தக் கண்மூடல் ஓக்லண்டிலும் இருந்தது, டிரம்ஸில் உட்கார்ந்தபோதும்.

சிராங்கூன், ‘தி கெட்அவே’யை நேற்று ஹெட்போனில் கேட்டேன். நீங்கள் சொன்னது சரி. அவருடைய சொந்த பேண்டான டாட் ஹேக்கரின் 2012 ஆல்பத்தையும் கேளுங்கள், உங்களுக்குப் பிடிக்காத பாதி அங்கே வேறு மாதிரி ஒலிக்கும்.

பாஸ்காரரே, மீதி பேட்டா வந்ததா?


பாஸ்காரன்:

அடுத்த டூரில் சேர்த்துத் தருவதாகச் சொன்னார். அடுத்த டூருக்கு வேறு ஆள் போய்விட்டார். கீபோர்டுக்கு, பாஸுக்கு, இரண்டுக்கும்.