கலைச்சொல் வேண்டும்: ‘ப்ராக்னோசிஸ்’ – முன்கணிப்பு என்றால் ஜோசியமா?

குழுவினருக்கு வணக்கம்.

அரசு மருத்துவமனை ஒன்றில் நெஞ்சகப் பிரிவில் வேலை பார்க்கிறேன். புதிதாகக் காசநோய் கண்டறியப்படுபவர்களைப் பதிவுசெய்து இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்க்கும் ஆய்வு ஒன்றைத் தொடங்கப்போகிறோம். மருந்தில் எதையும் மாற்றப்போவதில்லை, வழக்கமான சிகிச்சைதான். யாருக்குச் சீக்கிரம் குணமாகிறது, யாருக்கு நோய் திரும்புகிறது, யார் இறந்துபோகிறார்கள், இதை முதல் நாளிலேயே ஓரளவு சொல்ல முடியுமா என்பதுதான் கேள்வி.

ஒப்புதல் படிவத்தின் தமிழாக்கத்தை வெளியில் கொடுத்து வாங்கினோம். “இது ஒரு முன்கணிப்புக் கண்காணிப்புப் பெருங்குழு ஆய்வு” என்று வந்திருக்கிறது. வாசித்துக் காட்டியதும் ஒரு பெரியவர் கேட்டார்: “ஜோசியம் பாக்கப் போறீங்களா, இல்ல போலீஸ் வச்சுப் பாக்கப் போறீங்களா?”

என்னிடம் பதில் இல்லை. ப்ராக்னோசிஸ் (நோய் இனி எப்படிப் போகும் என்பது), கோஹார்ட் (சேர்ந்து புறப்பட்டுத் தொடர்ந்து பார்க்கப்படுபவர்கள்), அப்சர்வேஷனல் (சிகிச்சையை மாற்றாமல் பார்ப்பது) – மூன்றுக்கும் அவருக்குப் புரிகிற சொல் வேண்டும். படிவம் நெறிமுறைக் குழுவுக்குப் போக இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது.

* * *

மறுமொழி

டாக்டருக்கு வணக்கம்.

நாங்கள் இங்கே ஒரு சொல்லைத் தள்ள நாற்பது மடல் எழுதுவோம். அந்தப் பெரியவர் ஒரே மூச்சில் இரண்டைத் தள்ளிவிட்டார்.

> கண்காணிப்பு ஆய்வு

முதலில் இதை விட்டுவிடுங்கள். தெருமுனைக் கேமராவும் தேர்வு அறையும்தான் நினைவுக்கு வரும். போதாததற்கு, சுகாதாரத் துறை கொசுவையும் காய்ச்சலையும் தேடித் தேடிப் பதிவது ‘கண்காணிப்பு’ என்றே நிலைத்துவிட்டது. ஒரு சொல்லுக்கு ஒரு வேலை போதும். முன்பு நானே ‘நோக்காய்வு’ என்று ஒன்றை இங்கே முன்வைத்தேன். “எங்க ஊர்ல நோக்காடுன்னா வலி, அதுவும் பிள்ளைப்பேற்று வலி” என்று நெல்லைப் பக்கத்து நண்பர் ஒருவர் எழுதினார். அன்றோடு அது போயிற்று.

‘தலையிடா ஆய்வு’ என்றால் பொருள் சரியாக வரும். ஏனென்றால் பார்ப்பது மட்டும் இதன் தனித்தன்மை இல்லை, மருந்துச் சோதனையிலும் பார்க்கத்தான் செய்கிறார்கள். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை ஆய்வாளர் தீர்மானிப்பதில்லை என்பதே இங்கே வேறுபாடு. ஆனால் நோயாளியின் காதில் ‘தலையிட மாட்டோம்’ என்பது ‘கவனிக்க மாட்டோம்’ என்று விழுந்துவிட்டால் வம்பு. ஆகவே ‘அவதானிப்பு ஆய்வு’. கூடவே ஒரு வரி விளக்கம்.

சரி, ப்ராக்னோசிஸுக்கு வருவோம். ‘முன்கணிப்பு’ தப்பான சொல் இல்லை. ஆனால் அது ஏற்கெனவே மழைக்கும் தேர்தலுக்கும் பங்குச் சந்தைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. ப்ரெடிக்‌ஷன் என்று எங்கே வந்தாலும் அதைத்தான் போடுகிறோம். புற்றுநோய்க்காரர்கள் ‘ப்ராக்னாஸ்டிக்’ வேறு, ‘ப்ரெடிக்டிவ்’ வேறு என்று பிரித்துப் பேசுவார்கள். முதலாவது, எந்தச் சிகிச்சை கொடுத்தாலும் இந்த நோயாளி எப்படிப் போவார் என்பதைக் காட்டுவது. இரண்டாவது, இந்த மருந்து இவருக்குக் கேட்குமா என்பதைக் காட்டுவது. இரண்டையும் ‘முன்கணிப்பு’ என்று எழுதிவிட்டு அந்தக் கட்டுரையைத் தமிழில் படித்துப் பாருங்கள், தலை சுற்றும்.

உங்கள் துறையிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. பெங்களூரு தேசியக் காசநோய் நிறுவனத்தார் 1961 முதல் 1968 வரை அந்த வட்டாரக் கிராமங்களில் திரும்பத் திரும்பப் போய், சளியில் கிருமி இருந்தவர்களை ஐந்தாண்டு பின்தொடர்ந்தார்கள். சிகிச்சைத் திட்டம் என்று சொல்லும்படி எதுவும் அங்கே போய்ச் சேராத காலம். முடிவில் நூற்றுக்கு ஏறக்குறைய 49 பேர் இறந்திருந்தார்கள். 33 பேருக்குக் கிருமி தானாகவே நீங்கியிருந்தது. மீதி 18 பேர் கிருமியோடு இருமிக்கொண்டிருந்தார்கள். இந்த மூன்று எண்களும் எவரைப் பற்றியும் ஜோசியம் சொல்லவில்லை. விட்டால் இந்த நோய் எந்த வழியில் போகும் என்றுதான் சொல்கின்றன. ஆகவே இதற்கு ‘நோய்ப்போக்கு’. மழையின் போக்கு, வயிற்றுப்போக்கு, பிள்ளையின் போக்கு என்று நமக்கு நன்றாகப் பழகிய சொல்தான்.

அந்தப் போக்கை வைத்துக்கொண்டு, எதிரில் உட்கார்ந்திருப்பவர் “இனி எப்படி டாக்டர் இருக்கும்?” என்று கேட்கும்போது நீங்கள் சொல்வது ‘போக்குக்கணிப்பு’. போக்கு கூட்டத்துக்கு உரியது, கணிப்பு ஆளுக்கு உரியது. ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு வேலையையும் பார்க்கிறது. நாமும் அப்படிச் செய்ய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இன்னொன்றில் நான் விடாப்பிடியாக நிற்பேன். ப்ராக்னாஸ்டிக் ஃபேக்டர் என்பதை ‘காரணி’ என்று எழுதக்கூடாது. ‘காரணி’ என்ற சொல்லுக்குள் காரணம் உட்கார்ந்திருக்கிறது. 1952-இல் அமெரிக்க மருத்துவர் வர்ஜீனியா அப்கர் வகுத்த மதிப்பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்த குழந்தையின் நிறம், நாடித்துடிப்பு, தூண்டினால் சிணுங்குகிறதா, தசையில் முறுக்கு இருக்கிறதா, மூச்சு – ஐந்துக்கும் இரண்டிரண்டாகப் பத்து. உடம்பு நீலம் பாரித்திருப்பது ஆபத்தைக் காட்டுகிறது, ஆபத்தை உண்டாக்கவில்லை. நிறத்தை மாற்றச் சாயம் பூசினால் குழந்தை பிழைக்காது. மாரடைப்பில் இன்னும் வேடிக்கை. இரத்த அழுத்தம் கூடுதலாக இருப்பவருக்கு மாரடைப்பு வர வாய்ப்பு அதிகம். ஆனால் மாரடைப்போடு வந்து சேர்பவருக்கு அழுத்தம் இறங்கியிருந்தால்தான் பயப்பட வேண்டும். நோய் வருவதற்கு முந்தைய கணக்கும் வந்ததற்குப் பிந்தைய கணக்கும் வேறு வேறு. முந்தையதை ‘ஆபத்துக் காரணி’ என்று ஏற்கெனவே பழக்கிவிட்டோம், போகட்டும். பிந்தையது ‘போக்குக்குறி’. சித்த வைத்தியத்தில் ‘நெய்க்குறி’ இருக்கிறது. சிறுநீரில் விட்ட எண்ணெய்த் துளி பரவும் விதத்தைப் பார்த்து நோய் சாத்தியமா அசாத்தியமா என்று சொல்வார்கள். அந்த முறை சரியா என்பது வேறு பேச்சு. குறி என்பது காட்டுவதே ஒழியச் செய்வதில்லை என்ற தெளிவு அந்தப் பெயரில் இருக்கிறது.

> பெருங்குழு

எத்தனை பேர் என்பதா முக்கியம்? கோஹார்ட் என்பது ரோமானியப் படையின் சொல். பத்துக் கோஹார்ட் சேர்ந்தால் ஒரு லீஜியன். 1930களில் அமெரிக்காவின் வேட் ஹாம்ப்டன் ஃப்ராஸ்ட் காசநோய் இறப்புகளை ஆராயும்போது, ஒரே பத்தாண்டில் பிறந்தவர்களை ஒரு படையாகப் பாவித்து, அவர்கள் வயதாக ஆக என்ன ஆனார்கள் என்று கணக்கிட்டார். படை என்ற உவமையில் இரண்டு செய்தி இருக்கிறது: சேர்ந்து புறப்பட்டவர்கள், வழியில் விழலாமே தவிர, புதிதாக யாரும் நுழைய முடியாது. இதற்கு ஊரில் அருமையான சொல் உண்டு: ‘செட்டு’. “நாங்க ரெண்டு பேரும் ஒரே செட்டு.” எனக்கு அதையே வைத்துக்கொள்ள ஆசைதான், ஆனால் நெறிமுறைக் குழு சிரிக்கும். ஆகவே ‘தொடர்குழு’. இதயநோயைப் படிக்க அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஊரில் 1948-இல் 5,209 பேரோடு தொடங்கியதும், 1951-இல் பிரிட்டிஷ் மருத்துவர்களிடமே புகைபிடிக்கும் பழக்கத்தைக் கேட்டு எழுதி, பிறகு ஐம்பது ஆண்டு தொடர்ந்ததும், வேலூர்க் குடிசைப் பகுதிகளில் 373 குழந்தைகளை மூன்று வயது வரை விடாமல் பார்த்து ரோட்டாவைரஸைப் படித்ததும் எல்லாம் தொடர்குழுக்களே.

உங்கள் ஆய்வுக்கு இதில் ஒரு வகை தனியாக வேண்டும். போக்கைப் படிக்கிறவர்கள் எல்லாரையும் நோயின் ஒரே கட்டத்தில் சேர்க்க வேண்டும். சென்னையில் புறப்பட்ட பேருந்தில் நீங்கள் விழுப்புரத்தில் ஏறி, உள்ளே இருப்பவர்களை எண்ணினால், செங்கல்பட்டிலும் திண்டிவனத்திலும் இறங்கிப் போனவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். வார்டில் இன்று படுத்திருப்பவர்களை வைத்துப் போக்கு சொல்வதும் அப்படித்தான். முதல் மாதமே இறந்தவர் அங்கே இல்லை, சீக்கிரம் தேறியவரும் இல்லை. புறப்படும் இடத்திலேயே ஏறியவர்களுக்கு ‘தொடக்கத் தொடர்குழு’ என்பேன்.

கேஸ்–கன்ட்ரோல், அதாவது நோய் வந்தவர்களையும் வராதவர்களையும் எடுத்து ஒப்பிடும் ஆய்வு, இப்போது உங்களுக்குத் தேவையில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ‘நேர்வு–கட்டுப்பாட்டு ஆய்வு’ என்று பாடப்புத்தகத்தனமாக எழுதுகிறார்கள். கட்டுப்பாடு என்றால் நம் ஊரில் குடும்பக் கட்டுப்பாடு. ‘நோயர்–ஒப்பர் ஆய்வு’ என்று வைத்துக்கொள்ளலாம். 1950-இல் பிரிட்டனில் டால், ஹில் என்ற ஆய்வாளர்கள் இருவரும் நுரையீரல் புற்றுநோயர் 709 பேரையும் அதே அளவு ஒப்பரையும் எடுத்துப் புகைபிடித்தலைக் கேட்டார்களே, அது. ஆளுக்கு ஆள் என்று எண்ணிக்கையை ஆய்வாளரே முடிவுசெய்வதால், நூற்றுக்கு எத்தனை பேருக்கு நோய் வரும் என்று அதிலிருந்து நேராகச் சொல்ல முடியாது.

கடைசியாக முன்னும் பின்னும். ப்ராஸ்பெக்டிவ் (இனி நடப்பதைப் பார்ப்பது), ரெட்ராஸ்பெக்டிவ் (நடந்து முடிந்ததைப் பார்ப்பது) இரண்டுக்கும் ‘முன்னோக்கு, பின்னோக்கு’ என்று எழுதுகிறார்கள். தமிழில் ‘முன்னொரு காலத்தில்’ என்றால் கடந்தது. ‘முன்னேறு’ என்றால் வரப்போவதை நோக்கி. ‘பின்தொடர்’ என்றால் இனிமேல். ‘பின்னோக்கிப் பார்’ என்றால் நடந்து முடிந்தது. படிக்கிறவர் எந்தப் பக்கம் திரும்புவார்? முதலாவதுக்கு ‘எதிர்நோக்கு ஆய்வு’ என்றும், இரண்டாவது பெரும்பாலும் பழைய கேஸ் கட்டுகளைப் புரட்டுவதால் ‘பழையேட்டு ஆய்வு’ என்றும் முன்வைக்கிறேன். அடிக்கலாம், தாங்கிக்கொள்வேன்.

* * *

மறுமொழி – யாழ்ப்பாணத்திலிருந்து

டொக்டருக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம்.

‘அவதானிப்பு’ வந்ததில் மகிழ்ச்சி. அது எங்களுக்குப் பாடசாலைக் காலத்துச் சொல். ப்ரெடிக்‌ஷனுக்கு இங்கே ‘எதிர்வுகூறல்’ என்று ஒன்று இருக்கிறது, வானிலை அறிக்கையில் நாளும் கேட்பது. புற்றுநோய்க்காரர்களின் இரண்டாவது சொல்லுக்கு அதைக் கொடுத்துவிட்டால் ‘முன்கணிப்பு’ ஒருவருக்கும் தொந்தரவு தராமல் இருக்கும்.

ஆனால் ‘எதிர்நோக்கு’ சரிவராது. “மக்கள் எதிர்நோக்கும் பிரச்சினைகள்” என்று எங்கள் பத்திரிகைகளில் தினமும் வருகிறது. ‘எதிர்நோக்கு ஆய்வு’ என்றால் ஏதோ இடர் வருகிறது, தாங்கிக்கொள்ள ஆயத்தமாகுங்கள் என்பது போல இருக்கிறது. எல்லாவற்றுக்கும் பெயரடை தேவையா? தொடர்குழு என்றாலே இனித் தொடர்வது என்று விளங்குகிறதே. பழைய ஏட்டிலிருந்து எடுத்தால் மட்டும் ‘பழையேட்டுத் தொடர்குழு’ என்று அடையாளம் வைத்தால் போதாதா?

‘ஒப்பர்’ என்பதை ஆஸ்பத்திரியில் சொல்லிப் பார்த்தேன். என் உடன் வேலை செய்யும் அக்கா, “அப்பர், சுந்தரர் வரிசையில் இன்னொருவரோ?” என்று கேட்டா.

* * *

மறுமொழி

யாழ்ப்பாணத்து அம்மையார் சொன்னபடியே பெயரடையை எடுத்துவிட்டேன். படிவத்தில் இப்போது உள்ளது:

“இது ஓர் அவதானிப்பு ஆய்வு. உங்கள் சிகிச்சையை நாங்கள் மாற்ற மாட்டோம். மருத்துவர் தரும் மருந்து அப்படியே தொடரும். இந்த நோய் யாருக்கு எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ள, ஒரே நேரத்தில் சிகிச்சை தொடங்கும் ஒரு தொடர்குழுவை இரண்டு ஆண்டுகள் பார்த்துவருவோம். நீங்கள் விரும்பினால் அதில் சேரலாம். எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.”

பெரியவரிடம் வாசித்தேன். “பாத்துட்டு எனக்கும் சொல்வீங்களா?” என்றார். அதற்கு வாக்கியம் எழுதவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. போக்கைத் தெரிந்துகொண்டு நமக்குள் வைத்துக்கொள்வதா, கணிப்பாக அவரிடம் சொல்வதா என்பதை ஆய்வுத் திட்டத்திலேயே நாங்கள் முடிவு செய்யவில்லை. சொல் கேட்டு வந்தேன், இப்போது திட்டத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

‘போக்குக்குறி’ பற்றி ஒரு சந்தேகம். உடன் பணிபுரியும் செவிலியர் இருவருக்கு அது வயிற்றுப்போக்கின் அறிகுறியாகக் கேட்டது.

அப்புறம் இன்னொரு சொல்லும் வேண்டும். ஆறு மாத மருந்தையும் முழுதாக முடித்தவர்கள், பாதியில் விட்டவர்களைவிட நீண்ட நாள் வாழ்ந்தார்கள் என்று நாளைக்கு நாங்கள் எழுதுவோம். மருந்தை முடிக்க வேண்டுமானால் ஆறு மாதம் உயிரோடு இருந்தாக வேண்டுமே! அந்த ஆறு மாதத்துக்கு ‘இம்மார்ட்டல் டைம்’ என்கிறார்கள். தமிழில் என்ன சொல்வது?

* * *

மறுமொழி

டாக்டர், செவிலியர் சொன்னது சரி, நானே ‘வயிற்றுப்போக்கு’ என்று எழுதிவிட்டு யோசிக்காமல் போனேன். ‘நோய்ப்போக்குக் குறி’ என்று நீட்டி எழுதுங்கள். இரண்டெழுத்து மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது? ‘ஒப்பர்’ பற்றி இன்னும் யோசிக்கிறேன். அக்காவின் கேலிக்காக மட்டும் அதைக் கைவிட மனமில்லை.

இம்மார்ட்டல் டைம் பழைய தொல்லை. இதயமாற்று அறுவை தொடங்கிய காலத்தில் அமெரிக்காவிலேயே இதில் வழுக்கினார்கள். மாற்று இதயம் கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களைவிட நெடுநாள் வாழ்ந்தார்கள் என்று கணக்கு காட்டிற்று. இதயம் வரும்வரை காத்திருந்து பிழைத்தவருக்குத்தான் இதயம் வைக்க முடியும். காத்திருக்கும்போது இறந்தவர் தானாகவே ‘கிடைக்காதவர்’ பக்கம் போய்ச் சேர்ந்துவிடுவார். 1970களின் தொடக்கத்திலேயே புள்ளியியலார் இதைச் சுட்டிக்காட்டினார்கள்.

‘அமரத்துவ காலம்’ என்று ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன். நம் ஊரில் அமரர் என்று எழுதினால் ஆள் போய்விட்டார் என்று பொருள், நேர்மாறாகிவிடும். ‘சாகாக்காலம்’ என்று எழுதலாம், ஆனால் காயகல்ப விளம்பரம் போல இருக்கிறது. அந்தக் காலத்தில் யாரும் சாகாவரம் வாங்கி வரவில்லை. செத்தவர்களை நாம் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். குறை நம் கணக்கில் இருப்பதால் சொல்லும் கணக்கைச் சுட்ட வேண்டும். ‘இறப்பு விடுபடு காலம்’ என்பது வரை வந்திருக்கிறேன். நீளம், அழகும் இல்லை. யாழ்ப்பாணத்து அம்மா, அக்காவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.