சிப்பிப்பாறை நாயை மாடி அறையில் வைத்துச் சமாளிப்பது எப்படி?

நாகமலை புதுக்கோட்டையில் வாடகை அறை, பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. ஊரிலிருந்து கொண்டுவந்த ஒன்பது மாத சிப்பிப்பாறை, நான் கல்லூரிக்குக் கிளம்பியதும் கதவைப் பிறாண்டுகிறது, நேற்று ரெக்கார்டு நோட்டைக் குதறி அட்டையை மட்டும் மிச்சம் வைத்திருந்தது, வீட்டுக்கார அம்மா வேறு மாதக் கடைசி வரைதான் பொறுப்பேன் என்கிறார். கட்டிப்போடலாமா?

பதில் 1:
நாள் முழுக்கக் கட்டினால் இன்னும் மோசமாகும் தம்பி. முயல் விரட்டிய இனம், ஓடாமல் அடங்காது. விடியற்காலையில் கண்மாய்க்கரையில் நீளக் கயிறோடு ஓடவிடுங்கள். அவிழ்த்து மட்டும் விடாதீர்கள், ஆட்டைப் பார்த்துவிட்டால் நீங்கள் கூப்பிடுவது அதன் காதில் ஏறாது.

பதில் 2:
வெறிநாய்க்கடி தடுப்பூசி போட்டாச்சா? அதை முதலில் பாருங்கள். பரீட்சை நேரத்தில் ஊருக்கே அனுப்பிவிடுங்கள், தப்பில்லை.

கேட்டவர்:
ஊசி போட்டாச்சு அண்ணா. இன்று ஓடவிட்டேன். அது தெம்பாகத்தான் இருக்கிறது, நான்தான் முதல் வகுப்பிலேயே தூங்கிவிட்டேன்.