கோல்ட்ரேன் ஆல்பத்தில் ப்ளூஸ் எங்கே இருக்கிறது?

மழைக்காகிதம்:
எனக்கு ப்ளூஸ் என்றால், கறுப்பின அமெரிக்கர்களின் அந்தச் சோகப் பாட்டு என்றால், பி.பி. கிங்தான். கிடாரும், அடிவயிற்றிலிருந்து வரும் அந்தக் குரலும். அந்த ஆசையில்தான் ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் ‘கோல்ட்ரேன் ப்ளேஸ் தி ப்ளூஸ்’ கேட்கத் தொடங்கினேன். முதலில் வரும் ‘ப்ளூஸ் டு எல்வின்’ சரி, நிதானமாக, எதிர்பார்த்த மாதிரியே போகிறது. ஆனால் கடைசி ‘மிஸ்டர் நைட்’டில் டிரம்ஸ் திருவிழா கணக்காக உருள்கிறது, சோகம் மருந்துக்கும் இல்லை. இதில் ப்ளூஸ் எங்கே? அட்டையில் மட்டும்தானா?

ரெண்டாம்பக்கம்:
சோகத்தைத் தேடினால் கிடைக்காது. பார்களை எண்ணுங்கள். ஒரு பாருக்கு நான்கு அடி, 12 பார் முடிந்தால் ஒரு சுற்று, மறுபடி முதலிலிருந்து. நம் தாள ஆவர்த்தனம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்தச் சுற்றில் ஐந்தாவது பாரில் கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) மாறும், ஒன்பதாவதில் இன்னொரு இழுப்பு, அப்புறம் தொடங்கிய கார்டுக்கே வீடு திரும்பும். பாடகர்கள் ஒரு வரியை இரண்டு தடவை பாடி மூன்றாவதில் பதில் சொல்வதும் இந்தக் கணக்கில்தான். ‘எல்வின்’ மெதுவானது என்பதால் அதிலேயே பழகுங்கள். ‘ப்ளூஸ் டு பெஷே’வுக்கு உடனே போகாதீர்கள், அதில் மெக்காய் டைனர் பியானோவைத் தொடவே மாட்டார், ஸ்டீவ் டேவிஸின் பேஸை (அடித்தளமாக ஒலிக்கும் பெரிய தந்தி வாத்தியம்) மட்டும் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும்.

ஊசிமுனை:
கணக்கெல்லாம் சரிதான், ஆனால் பெயரைப் பற்றிய சந்தேகமும் நியாயமானதே. இந்த ஆல்பத்தின் ஆறு உருப்படிகளும் 1960 அக்டோபர் 24 அன்று ஒரே நாளில் பதிவானவை, அவருடைய ‘மை ஃபேவரிட் திங்ஸ்’ ஆல்பம் பதிவான அதே வாரம். அந்த ஆல்பம் 1961இல் வந்து பெரிய பெயர் வாங்கியது. அவர் இம்பல்ஸ் இசைத்தட்டுக் கம்பெனிக்குப் போன பிறகு, கையில் மீதமிருந்ததை அவருடைய பழைய கம்பெனியான அட்லாண்டிக் 1962இல் இப்படித் தொகுத்து விற்றது. அவரைக் கேட்டுச் செய்ததில்லை.

ரெண்டாம்பக்கம்:
மீதம் என்றாலும் பழைய சோறு இல்லையே! 1940களின் கடைசியில் பாடகரும் சாக்ஸபோன் கலைஞருமான எட்டி வின்சன் குழுவில் ப்ளூஸ் வாசித்துத் திரிந்த ஆள் அவர். ‘பெஷே’வில் சோப்ரானோவை (உச்ச ஸ்தாயி சாக்ஸபோன்) எடுக்கிறார் பாருங்கள், அது 1959இல் இறந்த சிட்னி பெஷேவுக்கு வைத்த வணக்கம். சோப்ரானோவை ஜாஸில் முன்னுக்குக் கொண்டுவந்தவர் பெஷேதான்.

ஊசிமுனை:
அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அதே பதிவுகளில் வந்த ‘ஈக்வினாக்ஸ்’ இந்த ஆறையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும், அதுவும் ப்ளூஸ்தான், சோகம் தோய்ந்த மைனர் ஸ்கேலில். 1964இல் ‘கோல்ட்ரேன்ஸ் சவுண்ட்’ ஆல்பத்தில் போட்டார்கள். இதில் ஏன் சேர்க்கவில்லை என்பதுதான் என் நெடுநாள் வயிற்றெரிச்சல்.

மழைக்காகிதம்:
‘எல்வின்’ நான்கு தடவை எண்ணிப் பார்த்தேன். பியானோ சோலோவில் பிடிபட்டுவிட்டது, ஐந்தாவது பாரில் மாறுவது நன்றாகவே கேட்கிறது. சாக்ஸபோன் வந்ததும் எட்டோடு தொலைந்துபோகிறேன். இன்று ராத்திரி ‘ஈக்வினாக்ஸ்’.