கொலும்பானுஸ் ஐரோப்பாவை இணைத்தவரா? எனக்கு ஒப்பவில்லை

ஏட்டுப்பூச்சி:
நவம்பர் 23, புனித கொலும்பானுஸ் திருநாள். வழக்கம்போல 'ஐரோப்பாவை இணைத்தவர்' என்ற புகழ்மாலை. அயர்லாந்தின் பாங்கர் மடத்திலிருந்து 590 வாக்கில் பன்னிரண்டு தோழர்களோடு கடல் கடந்தார், இன்றைய பிரான்சில் லுக்சேய் உட்பட மூன்று மடங்கள் நிறுவினார். சரி. அப்புறம்? ஈஸ்டர் தேதி கணக்கிடும் முறைக்காக உள்ளூர் ஆயர்களோடு சண்டை. அரசனோடு சண்டை. கடைசியில் கூடவே வந்த காலுஸோடும் சண்டை. இவரா இணைத்தார்?

கரைக்காற்று:
அரசனோடு ஏன் சண்டை என்பதை விட்டுவிட்டீர்களே! பர்கண்டி அரசன் இரண்டாம் தெயுதரிக் முறையான மணமின்றிப் பெற்ற பிள்ளைகளை, அவன் பாட்டி புரூன்ஹில்டா ஆசி வாங்கக் கொண்டுவந்து நிறுத்தினாள். இவர் மறுத்தார். 610-இல் நாடு கடத்தினார்கள். ஒரு சொல் வளைந்து பேசியிருந்தால் லுக்சேயிலேயே சுகமாக இருந்திருக்கலாம்.

மூன்றாம்மணி:
ஐயோனா தீவின் கொலும்பாதானே இவர்?

கரைக்காற்று:
இல்லை, அவர் வேறு. அவர் 597-இல் ஸ்காட்லாந்தில் இறந்தார். இவர் 615-இல் இத்தாலியில், தாமே நிறுவிய போபியோ மடத்தில்.

ஏட்டுப்பூச்சி:
ஆசி கதையை எழுதிய யோனாஸ், கொலும்பானுஸ் இறந்த பிறகுதான் போபியோ மடத்தில் சேர்ந்தவர். எழுதியது 640-ஐ ஒட்டி. புரூன்ஹில்டாவை 613-இல் கொன்ற இரண்டாம் குளோத்தரின் வம்சம் அப்போது ஆட்சியில் இருந்தது. அவளை 'இரண்டாம் யெசபேல்', அதாவது விவிலியத்தின் பொல்லாத அரசி, என்று எழுத அதைவிட வசதியான காலம் உண்டா? இங்கிலாந்துக்குப் போன அகுஸ்தீனுக்கு உதவியதற்காகத் திருத்தந்தை பெரிய கிரகோரி நன்றி சொல்லிக் கடிதம் எழுதியதும் இதே அரசிக்குத்தான். அப்புறம், பெற்றவர் செய்ததற்குப் பிள்ளைகள் என்ன செய்யும்?

கரைக்காற்று:
யோனாஸை ஒதுக்கிவிடுவோம். கொலும்பானுஸே எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. 603 வாக்கில் தம்மை விசாரிக்க ஒன்றுகூடிய ஆயர்களுக்கு அவர் கேட்டது இவ்வளவுதான்: பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்த இந்தக் காட்டில், இறந்துபோன எங்கள் பதினேழு சகோதரர்களின் எலும்புகளுக்கு அருகில் எங்களை அமைதியாக இருக்க விடுங்கள். சண்டைக்காரன் எழுதுகிற கடிதமா இது?

ஏட்டுப்பூச்சி:
திருத்தந்தை நான்காம் போனிபாசுக்கு 'விழித்திருங்கள்' என்று பாடம் எடுத்ததும் அவர்தான். மடத்து ஒழுங்கையும் படியுங்கள். வழிபாட்டில் திருப்பாடல் தொடங்கும்போது இருமினால் தண்டனை ஆறு அடி. கரண்டியை ஆசீர்வதிக்காமல் சாப்பிட்டால் ஆறு அடி.

மூன்றாம்மணி:
இருமலுக்குமா! நல்லவேளை, நான் அங்கே பிறக்கவில்லை. இவரை இப்போது மோட்டார் சைக்கிள்காரர்களின் பாதுகாவலராக வைத்திருக்கிறார்களாம். ஊர் ஊராகத் துரத்தப்பட்டவருக்குப் பொருத்தம்தான்.

தெற்குவாசல்:
அடி எண்ணிக்கையிலேயே நிற்கிறீர்கள். அதுவரை பெரும்பாவத்துக்குப் பகிரங்கத் தவம், அதுவும் வாழ்வில் ஒரே முறை. குருவிடம் தனியாகச் சொல்லி, பாவத்துக்கேற்ற பரிகாரம் செய்து, மறுபடி விழுந்தால் மறுபடியும் வரலாம் என்ற வழக்கம் கண்டத்தில் பரவியதில் இந்த ஐரிஷ் துறவிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. இன்று கத்தோலிக்கர் செய்யும் பாவசங்கீர்த்தனத்தின் வேர் அங்கேதான். போபியோ நூலகம் பழைய ஏடுகளைக் காத்ததையும் மறக்க வேண்டாம். ஐரோப்பிய ஒற்றுமைப் பட்டம் மட்டும் பின்னால் ஒட்டியது. 1950-இல் லுக்சேயில் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமன் அப்படிப் புகழ்ந்தார். போர் முடிந்த ஐரோப்பாவுக்கு அப்படி ஒருவர் தேவைப்பட்டார், அவ்வளவுதான்.

ஏட்டுப்பூச்சி:
பட்டம் ஒட்டியது என்றால் என் வாதமும் அதுதானே. காலுஸ் விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை. காய்ச்சலில் கிடந்தவர் இத்தாலிக்கு வர முடியாது என்றதும், 'நான் உயிரோடு இருக்கும்வரை நீ திருப்பலி நிறைவேற்றக்கூடாது' என்று தடை போட்டார்.

கரைக்காற்று:
சாகும்முன் மன்னிப்பின் அடையாளமாகத் தம் மடாதிபதிக் கோலை அதே காலுஸுக்கு அனுப்பிவைத்தாரே.

ஏட்டுப்பூச்சி:
அது காலுஸின் பெயரால் அமைந்த செயின்ட் காலன் மடத்தார் பிற்காலத்தில் எழுதியது. யோனாஸ் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கரைக்காற்று:
தடையைப் பற்றியும்தான் யோனாஸ் சொல்லவில்லை. இரண்டுமே அந்த மடத்தார் எழுதிய காலுஸ் வரலாற்றில் வருகிறவை. தடையை நம்புவீர்கள், கோலை மட்டும் தள்ளிவிடுவீர்களா?