துபாயா, எஸ்டோனியாவா? ஏற்காட்டில் இருந்தபடி எங்கே கம்பெனி திறப்பது?

மலைக்காப்பி:
வணக்கம். ஏற்காட்டில் வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை செய்கிறேன். தனி ஆள், ப்ரொப்ரைட்டர் கணக்கு. ஜெர்மனியில் இரண்டு, ஆஸ்திரேலியாவில் ஒன்று என மூன்று வாடிக்கையாளர்கள். போன வருஷ வரவு 60 லட்சம், எல்லாம் பேங்க் வழியாக வந்ததுதான். போன வாரம் சேலத்தில் ஒரு ஏஜென்ட் ஹோட்டலில் கூட்டம் போட்டார். துபாய் ஃப்ரீ ஸோனில் கம்பெனி, வரி பூஜ்யம், நீங்கள் மலையை விட்டு இறங்கவே வேண்டாம், கார்டைத் தேய்த்தால் பத்து நாளில் லைசென்ஸ் என்றார். நண்பன் ஒருவன் எஸ்டோனியா என்கிறான், இன்னொருவன் அமெரிக்காவின் டெலவேர் மாநிலம் என்கிறான். எது சரி?

கடல்தாண்டி:
துபாய்தான், யோசிக்கவே வேண்டாம். 2023 ஜூனுக்குப் பிறகு அங்கே கம்பெனி வரி வந்துவிட்டது என்று பயமுறுத்துவார்கள். அது 9%, அதுவும் 3,75,000 திர்ஹாமுக்கு மேல் போகும் லாபத்துக்கு மட்டும். நம் காசில் 85 லட்சத்துக்கு மேல். உங்கள் 60 லட்சம் அந்தக் கோட்டைத் தொடவே தொடாது. சிங்கப்பூர் என்றால் 17%, உள்ளூர் டைரக்டர் ஒருவரும் வேண்டும். ஹாங்காங் முதல் 20 லட்சம் ஹாங்காங் டாலர் லாபத்துக்கு 8.25%. எஸ்டோனியாவில் லாபத்தைக் கம்பெனிக்குள்ளேயே வைத்திருந்தால் வரி இல்லை, எடுக்கும்போது 22%. கணக்கு உங்களுக்கே தெரியும்.

பேரேடு:
தம்பி, நான் சேலத்தில் ஆடிட்டர் ஆபீஸில் 18 வருஷமாகக் கணக்கு எழுதுகிறவன். எந்த நாட்டில் எத்தனை சதவீதம் என்பதை அப்புறம் பார்ப்போம். ஒரே கேள்வி: கம்பெனி திறந்த பிறகும் நீங்கள் ஏற்காட்டில்தான் உட்கார்ந்து ப்ரோகிராம் எழுதுவீர்களா?

மலைக்காப்பி:
ஆமாங்கண்ணா. அம்மா இங்கே, இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டமும் மிளகும் இங்கே. மழையில் கொண்டை ஊசி வளைவு பக்கம் கேபிள் அறுந்தால் மட்டும் சேலம் இறங்கி லாட்ஜில் உட்கார்ந்து வேலை பார்ப்பேன்.

பேரேடு:
அப்படியானால் இப்போது நீங்கள் எவ்வளவு வரி கட்டவேண்டும் என்று முதலில் பாருங்கள். 1961 வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில், ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் 75 லட்சம் வரவு வரைக்கும் பாதியை லாபம் என்று காட்டலாம். 60 லட்சத்தில் பாதி 30 லட்சம். 2025-26 புதிய முறையில் 24 லட்சம் வரை 3 லட்சம் வரி, மீதி 6 லட்சத்துக்கு 30% என்றால் 1.80 லட்சம். ஆக 4.80 லட்சம், செஸ் சேர்த்து 5 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. 60 லட்சத்தில் அது 8.3 சதவீதம். ஏற்றுமதிச் சேவைக்கு எல்.யு.டி. என்ற உறுதிக் கடிதம் கொடுத்துவிட்டால் ஜி.எஸ்.டி.யும் இல்லை.

இப்போது துபாய். லைசென்ஸ், ஆடிட், விசாச் செலவெல்லாம் போக 55 லட்சம் மிஞ்சுகிறது, அங்கே வரி பூஜ்யம் என்றே வைத்துக்கொள்வோம். அதை டிவிடெண்டாக, அதாவது பங்குதாரருக்கான லாபப் பங்காக, ஏற்காட்டுக்குக் கொண்டுவந்தால் முழுத் தொகையும் உங்கள் வருமானம், பாதி கழிக்கிற சலுகை கிடையாது. 50 லட்சத்தைத் தாண்டியதால் வரியின் மேல் 10% சர்சார்ஜும் வரும். மொத்தம் ஏறத்தாழ 14 லட்சம் வரி. ஐந்து லட்சம் கட்ட மனமில்லாமல் பதினாலு லட்சம் கட்டப் போகிறீர்கள், அதற்கு வருஷா வருஷம் லைசென்ஸ் புதுப்பிக்கிற செலவு வேறு.

கடல்தாண்டி:
யார் சார் கொண்டுவரச் சொன்னது? லாபத்தை அங்கேயே விட்டுவைத்து அடுத்த ப்ராடக்டில் போடலாம். அமெரிக்காவில் மாதிரி, எடுக்காத லாபத்துக்குப் பங்குதாரர் மேல் வரி போடும் சி.எஃப்.சி. விதி இந்தியாவில் இல்லை. "இங்கேயிருந்து நடத்தினால் இந்தியக் கம்பெனியாகிவிடும்" என்று போயம் விதியை, அதாவது கம்பெனியை உண்மையில் நிர்வகிக்கும் இடம் எது என்று பார்க்கும் விதியை, காட்டிக் கிளம்புவீர்கள், அதற்கும் பதில் இருக்கிறது. 2017 பிப்ரவரியில் வந்த 8ஆம் எண் சுற்றறிக்கையைப் படியுங்கள். வருஷ வரவு 50 கோடிக்குள் இருந்தால் போயம் கிடையாது. மலைக்காப்பிக்கு 50 கோடி எந்த ஜென்மத்தில்?

அப்புறம், 44ஏடிஏ தொழில்முறை ஆட்களுக்கானது. ப்ராடக்ட் விற்கிறவன் அதில் நுழைய முடியாது. அடுத்த வருஷம் வரவு 75 லட்சம் தாண்டினால் உங்கள் 8.3% என்ன ஆகும்?

பேரேடு:
போயம் பற்றிச் சொன்னது சரி, மறுக்கவில்லை. 75 லட்சத்தைத் தாண்டினால் கணக்குப் புத்தகம், ஆடிட் எல்லாம் வேண்டும், அதுவும் சரி. அப்போது ப்ரைவேட் லிமிடெட் போட்டால் அதே சட்டத்தின் 115பிஏஏ பிரிவில் 25.17% வரி.

ஆனால் போயம் இல்லாவிட்டால் வரியே இல்லை என்று ஆகாது. கம்பெனி எங்கே குடியிருக்கிறது என்பது ஒரு கேள்வி, அதன் வேலை எங்கே நடக்கிறது என்பது வேறு கேள்வி. துபாய்க் கம்பெனியின் ஒரே ஆள், ஒரே மேஜை, ஒரே லேப்டாப் ஏற்காட்டில் இருக்கிறது. இதைப் பெர்மனென்ட் எஸ்டாப்ளிஷ்மென்ட், அதாவது வெளிநாட்டுக் கம்பெனிக்கு இங்கே உள்ள நிலையான தொழிலிடம் என்பார்கள், ஆபீஸில் பி.இ. என்று சொல்வோம். அப்படி இங்கே நடந்த வேலைக்கான லாபத்துக்கு வெளிநாட்டுக் கம்பெனி என்ற முறையில் 35% வரி, அதன் மேல் செஸ். அதுவும் 2024 பட்ஜெட்டில் 40லிருந்து குறைத்த பிறகு.

கொலுசுக்கடை:
நான் செவ்வாய்ப்பேட்டை. கொலுசு ஏற்றுமதி. எனக்கு துபாயில் கம்பெனி இருக்கிறது, ஆனால் கதை வேறு. அங்கே கடை, மச்சான், இரண்டு பையன்கள், சரக்கு வைக்கிற பெட்டி எல்லாம் உண்டு. கடைக்காரர்கள் வந்து கையில் எடுத்துப் பார்த்து எடை போட்டு வாங்குகிறார்கள். வரிக்காகத் திறக்கவில்லை, வியாபாரம் அங்கே நடக்கிறது என்று திறந்தேன்.

அப்படியும் தலைவலிதான். என் சேலம் கடை என் துபாய் கடைக்கு விற்கும்போது, அந்நியனுக்கு என்ன விலை போடுவேனோ அதே விலைதான் போடவேண்டும். அதற்குத் தனி ரிப்போர்ட், தனி ஃபீஸ். அங்கே ஒரு பேங்கில் கணக்குத் தொடங்க ஐந்து மாதம் இழுத்தார்கள். "கிலோவுக்கு உங்கள் லாபம் என்ன" என்று மூன்று தடவை கேட்டார்கள். லைசென்ஸ் பத்து நாளில் வந்தது உண்மை. பணம் போட இடம்தான் இல்லை.

ஷார்ஜா சேலத்தான்:
இரண்டு பக்கமும் பாதி சொல்கிறீர்கள். நான் 2021இல் குடும்பத்தோடு இங்கே வந்துவிட்டேன். வீட்டு வாடகை ஒப்பந்தம், பிள்ளைகள் பள்ளி, கார் எல்லாம் இங்கே. இந்தியாவில் 182 நாளுக்குக் கீழேதான் இருக்கிறேன். எனக்கு இது நன்றாக நடக்கிறது, பேரேடு சார் சொன்ன எதுவும் என்னைத் தொடவில்லை. ஆனால் ஆடி 18க்கு ஊருக்கு வருவதற்குக்கூட நாட்களை எண்ணுகிறேன். போன வருஷம் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் 41 நாள் கூடுதலாக இருந்தேன், நாட்காட்டியில் கட்டம் போட்டுக்கொண்டு. அது ஒரு மாதிரியான வாழ்க்கை.

கடல்தாண்டி:
பார்த்தீர்களா, நடக்கிறது என்று அவரே சொல்லிவிட்டார்.

பேரேடு:
அவர் குடிபெயர்ந்தவர். மலைக்காப்பி பெயரவில்லை. இங்கே பேச்சே அதுதான்.

மலைக்காப்பி:
எஸ்டோனியா, டெலவேர்?

பேரேடு:
எஸ்டோனியாவின் மின்-குடியிருப்பு (இ-ரெசிடென்சி) அட்டை 2014 டிசம்பரில் தொடங்கியது. நல்ல ஏற்பாடு, அட்டையை டெல்லித் தூதரகத்தில் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அது கையெழுத்துப் போடுகிற அட்டைதான், வரிக்கான குடியிருப்பு அல்ல. டெலவேரில் எல்.எல்.சி. என்ற வகைக் கம்பெனிக்கு வருஷம் 300 டாலர் வரி என்பார்கள். வெளிநாட்டுக்காரர் தனியாக வைத்திருக்கும் எல்.எல்.சி. அமெரிக்க வரித் துறைக்கு 5472 என்ற படிவம் தாக்கல் செய்யவேண்டும் என்பதைச் சொல்லமாட்டார்கள். விட்டால் அபராதம் 25,000 டாலர்.

எந்த நாடானாலும் நம் பக்கத்து வேலை ஒன்றுதான். வெளிநாட்டு முதலீட்டுக்கான 2022 ஆகஸ்ட் விதிப்படி பங்குப் பணம் பேங்க் வழியாக, எஃப்.சி. என்ற படிவத்தோடு போகவேண்டும், கார்டைத் தேய்ப்பது அதில் சேராது. அப்புறம் வருஷம் ஒருமுறை ஏ.பி.ஆர்., அதாவது அந்தக் கம்பெனியின் ஆண்டு அறிக்கை, தாக்கல். வருமான வரி ரிட்டர்னில் எஃப்.ஏ. என்ற வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் கம்பெனியைக் காட்டவேண்டும். மறைத்தால் 2015 கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் அபராதம். மொத்த மதிப்பு 20 லட்சத்துக்குள் இருந்தால் மட்டும் 2024 அக்டோபர் முதல் விலக்கு.

கடல்தாண்டி:
படிவம் என்றால் பயமா? ஆடிட்டர் ஆபீஸில் உட்கார்ந்தால் உலகமே படிவமாகத் தெரியும். எத்தனையோ பேர் செய்கிறார்கள், யாரையும் பிடித்துக்கொண்டு போகவில்லை.

கொலுசுக்கடை:
தம்பி, 2017இலிருந்து வெளிநாட்டு பேங்க் கணக்கு விவரம் இந்தியாவுக்குத் தானாக வருகிறது. எனக்கும் வருமான வரியிலிருந்து ஒரு மெயில் வந்தது. நான் காட்டியிருந்தேன், அதனால் தூங்கினேன்.

மலைக்காப்பி:
இன்று காலை ஏஜென்ட்டுக்கு போன் செய்தேன். நான் ஏற்காட்டிலேயே இருந்தால் இந்தியாவில் வரி வராது என்று எழுதிக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். "அதை உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள், எங்கள் வேலை லைசென்ஸ் வரைக்கும்தான்" என்றார்.

கடல்தாண்டி:
நியாயம்தானே. அவர் லைசென்ஸ் விற்கிறவர்.

மலைக்காப்பி:
கூட்டத்தன்று அப்படிச் சொல்லவில்லையே. முன்பணம் 40,000 கொடுத்திருக்கிறேன். ரசீதில் "திரும்பத் தரப்படாது" என்று சின்ன எழுத்தில் இருக்கிறது, இப்போதுதான் பார்க்கிறேன். அதை வாங்க வழி உண்டா, பேரேடு அண்ணா?

பேரேடு:
ரசீதைப் படம் எடுத்துத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். ஆதார் எண் தெரிந்தால் மறைத்துவிட்டு.