பதில்: ‘பின்னடைவு’ வேண்டாம், ‘பிந்தல்’ எடுப்போம்

அன்பின் ஐயா, குழும நண்பர்களுக்கு வணக்கம். பழங்காலநிலைக் கலைச்சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் பட்டியலுக்கு ஐயா முன்வைத்தது இது:

> காலநிலை மாறியதற்கும் உயிர்கள் மாறியதற்கும் இடைப்பட்ட காலத்துக்குப் ‘பின்னடைவு’ பொருந்தும்.

பட்டியலில் உள்ள ‘சடுதியான (திடீரென்ற) காலநிலை மாற்றம்’ எனக்கும் சரி. இங்கே சடுதி அன்றாடச் சொல். ஆனால் பின்னடைவு என்று கிளிநொச்சியில் ஒரு வகுப்பில் சொல்ல எனக்கு வாய் வராது ஐயா. போர்க்காலச் செய்திகளில் கேட்டுக் கேட்டு, அந்தச் சொல் எங்களுக்குத் தோல்வி, பின்வாங்கல் என்றே பதிந்துவிட்டது. ஒரு காடு மெதுவாக மாறியதை அது தோற்றதாகப் பிள்ளைகள் விளங்கிக்கொண்டால் பாடமே பிழையாகிவிடும்.

எதற்குப் பெயர் தேடுகிறோம் என்று பார்ப்போம். ஜேர்மனியில் மேர்பெல்டர் மார் என்ற ஏரி, எரிமலை வெடித்த பள்ளத்தில் தேங்கியது. அதன் அடியில் ஒட்சிசன் இல்லாத காலத்தில் புழு பூச்சி சேற்றைக் கிளறவில்லை. ஆண்டுக்கொரு வரியாகப் படிந்த அடையலை (சேற்றுப் படிவை) இன்றைக்கும் எண்ணலாம். ஏறத்தாழ 12,850 ஆண்டுகளுக்கு முன் கிறீன்லாந்து சடுதியாகக் குளிர்ந்தது. அந்த ஏரிப் பக்கம் வறட்சி வந்ததோ சுமார் 170 ஆண்டு கழித்து. இலை மெழுகில் உள்ள ஐதரசனில் பாரமான வகை எவ்வளவு, இலேசான வகை எவ்வளவு என்று அளந்து இதைக் கண்டார்கள். செடிகொடிகள் பெரிதாக மாறியதும் அந்த வறட்சியோடுதான்.

இன்னொன்று நோர்வேயின் கிறோக்கெனெஸ் ஏரி. 11,700 ஆண்டுகளுக்கு முன் அந்தக் குளிர் முடிந்து வெப்பம் ஏறியபோது நுண்பாசிகளும் கடிக்காத ஒருவகைக் கொசுவின் குடம்பிகளும் (இளம்புழுக்களும்) விரைவாக மாறின. சேற்றில் கிடக்கும் குடம்பியின் தலைக்கூடு அதைச் சொல்கிறது. பேர்ச் மரக் காடு எழும்பப் பல நூற்றாண்டு எடுத்தது. விதை வந்து சேர வேண்டும், மண் உருவாக வேண்டும்.

இரண்டும் ஒன்றல்ல. முதலாவதில் காலநிலையே பிந்தி வந்தது. இரண்டாவதில் காலநிலை வந்தும் மரம் பிந்தியது. வன்னிக் கமக்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். காலபோகத்துக்கு (மாரிகால நெற்செய்கைக்கு) மழை பிந்துவது ஒன்று. மழை விழுந்தும் குளம் நிரம்பப் பிந்துவது வேறு. முதல் மழைக்கே புல் பச்சை கட்டும், குளம் வான்பாய மார்கழியும் ஆகலாம்.

அதனால்தான் ‘பிந்தல்’ என்கிறேன். முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்தால் வேறுபாடு தானே தெரியும்: காலநிலை தாமதமாக வந்தால் வருகைப்பிந்தல், உயிர்கள் தாமதமாக மாறினால் துலங்கற்பிந்தல். துலங்கல் எங்கள் பாடநூலில் ஏற்கெனவே இருக்கிறது, தூண்டலோடு சோடியாக. ‘170 ஆண்டுப் பிந்தல்’ என்று எண்ணோடு சேர்த்தாலும் இடறவில்லை. பின்னடைவைப் போட்டு இதே வசனத்தை ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள் ஐயா.

பிந்தல் பேச்சுச்சொல்தானே என்று தங்கை ஒருவர் கேட்டிருந்தார். பேச்சில் இருப்பது அதற்குப் பலம், தங்கச்சி. அடையலும் அப்படித்தான்: தண்ணீர்க் குடத்தின் அடியில் தங்குவதை அடையல் என்கிறோம், அடையற்பாறை என்று புவியியலிலும் படிக்கிறோம். தமிழ்நாட்டில் படிவு என்கிறீர்கள். அதில் எனக்கு மறுப்பில்லை.

எங்கள் குளங்களில் இப்படி வரி எண்ணலாமா என்றும் கேட்டிருந்தார். கடினம். இரணைமடு கடந்த நூற்றாண்டுக் கட்டு, அதில் பனியுகத்துச் சேற்றைத் தேட முடியாது. பழைய சிறு குளங்களோ கோடையில் வற்றிவிடும். ஆவணியில் தண்ணீருக்குப் பூவல் (சிறு ஊற்றுக்குழி) தோண்டினால் சுவரைப் பாருங்கள்: மேலே எருமை மிதித்துக் குழம்பிய கறுப்புச் சேறு, கீழே ஒரு கை அகலத்துக்கு மணல், வெடிப்பு வழியே உள்ளே விழுந்து காய்ந்த மேல்மண். எந்த ஆண்டு எங்கே முடிந்தது என்று பிரிக்கவே முடியாது.

பிந்தலை ஏற்றால் எதிர்ச்சொல்லும் கூடவே கிடைக்கிறது: முந்தல். ‘கிறோக்கெனெஸில் கொசுக் குடம்பி பேர்ச்சை முந்துகிறது’ என்று எழுதிப் பார்த்தேன், நேரே நிற்கிறது. மறுப்பு இல்லையென்றால் இரண்டையும் சோடியாகப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள் ஐயா.